வந்ததை விரட்டவா, போனதைத் தேடவா

மார்ச் 3, செவ்வாய்க்கிழமை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். நான் உடம்பால் சௌக்கியம், உன் அம்மா குரலால் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனை உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். நான் ஒரு வரி பேசினால் அவள் மூன்று வரி திருத்தம் சொல்கிறாள். கடைசியில் நீ கேட்டது அவள் பேச்சு மட்டும்தான். அதனால் அவள் கோழிக் கூண்டுப் பக்கம் போயிருக்கிற நேரமாகப் பார்த்து எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

விஷயம் நாய்தான். நம் பழைய நாய் போன வருடம் கண்ணை மூடியதிலிருந்து பட்டி வெறிச்சென்று கிடக்கிறது. ஒரு நாய் வாங்க வேண்டும், அதில் எங்களுக்குள் சண்டை இல்லை. எந்த நாய் என்பதில்தான் இரண்டு மாதமாக இந்த வீட்டில் நிம்மதி போய்விட்டது. நீதான் முடிவு சொல்ல வேண்டும் என்று உன்னிடம் விட்டோம். நீ என்ன செய்தாய்? கோடு போட்டு ஒரு அட்டவணை அனுப்பினாய். இந்தப் பக்கம் காவல் நாய், அந்தப் பக்கம் மோப்ப நாய். எடை, தீனி, முடி உதிர்வது, குரைப்பது என்று எல்லாம் எழுதிவிட்டு, அடியில் “நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்யுங்கள்” என்று ஒரு வரி. நாங்கள் பேசி முடிவு செய்கிறவர்களாக இருந்தால் உன்னை ஏனம்மா கேட்கப் போகிறோம்? ஊரில் உள்ள மாட்டுக்கெல்லாம் மருந்து எழுதித் தருகிறாய், பெற்றவர்களுக்கு ஒரு நாய் சொல்ல முடியவில்லை.

என் கட்சி எளிமையானது. நம்மிடம் நாற்பத்திரண்டு செம்மறி இருக்கிறது. செம்மறிக்கு வேண்டியது காவல் நாய். குட்டியாக இருக்கும்போதே பட்டிக்குள் விட்டுவிட்டால், அது ஆட்டோடு தூங்கி ஆட்டோடு எழுந்து, தானும் ஒரு ஆடு என்று நினைத்துக்கொண்டு வளரும். வெள்ளையாக, பெரிதாக, கன்றுக்குட்டி உயரத்துக்கு நிற்கும். நரி வந்தாலும் தெருநாய்க் கூட்டம் வந்தாலும் ஒரு அதட்டல் போதும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

உன் அம்மா கேட்பது மோப்ப நாய். காது இரண்டும் தரையில் புரளுமே, எந்நேரமும் வாயில் எச்சில் வடியுமே, அது. நாம் வேட்டைக்குப் போகிறோமா? வீட்டில் போலீஸ் ஸ்டேஷன் நடத்துகிறோமா? ஒரு வாசனை கிடைத்துவிட்டால் அந்த நாய் யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காதாம். கூப்பிட்டால் திரும்பாத ஆள் ஒருத்தி வீட்டில் ஏற்கனவே இருக்கிறாள், இன்னொன்று எதற்கு என்று கேட்டேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

இரண்டு நாயும் வாங்கலாம் என்று நீ எழுதியிருந்தாய். சும்மா எழுதிவிட்டாய். எந்த நாயாக இருந்தாலும் வளர்த்துப் பழக்க இரண்டு வருடம் ஆகும். ஒன்றைப் பழக்கவே எங்களுக்குத் தெம்பு வேண்டும். ஒன்றுதான்.

கடந்த மூன்று மாதத்தில் மூன்று முறை ஆடு குறைந்தது. முதலில் மூன்று, அப்புறம் ஐந்து, போன வாரம் நான்கு. எல்லாமே ஓடைப் பக்கத்தில் மேய்ந்துகொண்டு கிடைத்தன, அது வேறு விஷயம். ஏதோ வந்து விரட்டியிருக்கிறது என்பது என் முடிவு. கால் தடம் இல்லை, ஒரு கொத்து ரோமம் இல்லை, சொட்டு ரத்தம் இல்லை, பட்டிக் கதவு மட்டும் திறந்து கிடந்தது என்பது உன் அம்மாவின் துப்பறிதல். வெளியிலிருந்து எதுவும் வரவில்லை என்கிறாள். வந்ததை விரட்ட நமக்கு நாய் வேண்டாம், போனதைத் தேடத்தான் வேண்டும் என்கிறாள். எதைச் சொன்னாலும் இதையே திருப்பித் திருப்பிச் சொல்லி என் உயிரை வாங்குகிறாள். தாழ்ப்பாள் தளர்ந்திருந்தது என்று சொன்னேன். மறுநாளே புதுத் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள், அதற்கு மேல் ஒரு மணி வேறு கட்டியிருக்கிறாள். நான் கதவைத் திறந்தால் கோயில் மாதிரி மணி அடிக்கிறது.

நர்சரி விஷயத்தை அவள் உனக்குச் சொல்லியிருப்பாள். என் பக்க நியாயத்தையும் கேள். நம் பழைய பட்டி இருந்த இடத்தைச் செடி நர்சரிக்காரருக்கு விற்று ஒன்பது வருடம் ஆகிறது. ஜனவரியில் ஒரு சாயங்காலம் நல்ல மூடுபனி. முன்னால் போகிற ஆடு, அதுதான் நாம் மேடம் என்று கூப்பிடுவோமே, அது இடது பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் நின்று என்னைப் பார்த்தது. நான் வலது பக்கம் ஓட்டினேன். இருபத்தாறு வருடம் அந்தப் பக்கம்தான் ஓட்டினேன், கால் அதுவாகப் போய்விட்டது. நாற்பத்திரண்டையும் நர்சரிக்குள் விட்டு, அங்கிருந்த கம்பிக் கதவைச் சாத்திக் கட்டிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். ரோஜாக் கன்று ஒன்று விடாமல் தின்றுவிட்டன. நர்சரிக்காரர் நல்ல மனிதர், சிரித்துவிட்டார். உன் அம்மா சிரிக்கவில்லை. மனிதன் என்றால் ஒரு தடவை வழி மாறாதா?

அதிலிருந்து நான் ஆடு எண்ணினால் அவளும் பின்னால் நின்று எண்ணுகிறாள். கதவில் குச்சியைக் குறுக்கே பிடித்து மும்மூன்றாக உள்ளே விடுவேன், பதினான்கு முறை விட்டால் கணக்குச் சரி. எனக்குச் சில நாள் பதின்மூன்று வருகிறது, சில நாள் பதினைந்து வருகிறது. ஆடுகள் முட்டி மோதினால் அப்படித்தான் வரும். அவள் வாயைத் திறப்பதில்லை, உதடு மட்டும் அசைகிறது. எனக்கு எப்படி எரிகிறது தெரியுமா?

ஒரே ஒரு வரி எழுது போதும். காவல் நாய்தான் சரி என்று டாக்டராக எழுது. நான் சொல்லி எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே.

எல்லா நலமும் பெற்று வாழ்க.

உன் அப்பா


மார்ச் 24, செவ்வாய்க்கிழமை

அன்பு மகளுக்கு,

நலம். உன் கடிதம் வந்தது. ஒரு வரி கேட்டேன், ஒரு ஆளையே அனுப்பிவிட்டாய்.

நீ அனுப்பிய நாய்க்காரம்மா ஞாயிற்றுக்கிழமை வேனில் வந்தார். வீடு, வேலி, பட்டி எல்லாம் பார்க்காமல் நாய் தரமாட்டாராம். பெண் கொடுக்கிறவர்கள் கூட இவ்வளவு பார்க்க மாட்டார்கள். உன்னைக் கொடுத்தபோது நான் மாப்பிள்ளை வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்ததோடு சரி. அந்த அம்மா முள்வேலியை ஆட்டிப் பார்த்தார், தண்ணீர்த் தொட்டியில் கையை விட்டுப் பார்த்தார், கதவு மணியை ஒரு தடவை அடித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

இரண்டு நாயையும் கொண்டு வந்திருந்தார். காவல் நாய் ஐந்து மாதக் குட்டி, அதற்குள் என் முட்டி உயரம். இறங்கியதும் நேராகப் பட்டிக்குள் போய், மேடம் பக்கத்தில் படுத்துக்கொண்டது. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. உன் அம்மாவைப் பார்த்தேன், அவள் வேறு பக்கம் பார்த்தாள். நான் குட்டியைக் கூப்பிட்டேன், விசிலடித்தேன், பிஸ்கட் காட்டினேன். ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. அந்த ஜாதிக்கு ஆடுதான் எல்லாம், மனிதரெல்லாம் பிறகுதான் என்று நாய்க்காரம்மா சொன்னார். அதுதானே வேண்டும் என்றேன்.

மோப்ப நாய் வளர்ந்தது, மூன்று வயது. முகத்தில் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்குகிறது, உலகத்துத் துக்கமெல்லாம் அதற்குத்தான் என்பது போல நிற்கிறது. இது என்ன செய்யும் என்று கேட்டேன். யாராவது ஒருவர் போய் ஒளிந்துகொள்ளுங்கள், காட்டுகிறேன் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா, இவரே ஒளியட்டும் என்று சொல்லிவிட்டாள்.

எழுபத்தொரு வயதில் கண்ணாமூச்சி. என் தலையெழுத்தைப் பார். என் துண்டை வாங்கி அந்த நாயின் மூக்கில் வைத்தார்கள். நான் ஓடையைத் தாண்டி, திரும்பி வந்து, வேலியை ஒட்டி ஒரு சுற்றுச் சுற்றி, வைக்கோல் போருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். வேண்டுமென்றேதான் சுற்றினேன், அதற்கு மூக்கு உடையட்டும் என்று. கால் மணி நேரம் கழித்து நாயை விட்டார்கள். நாலே நிமிடம். நான் நடந்த சுற்றெல்லாம் ஒன்று விடாமல் நடந்து வந்து, என் முழங்காலில் தாடையை வைத்து ஒரு படி எச்சில் வடித்துவிட்டு உட்கார்ந்துகொண்டது. பின்னாலேயே வாரைப் பிடித்தபடி உன் அம்மா. நீ அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி இருந்தாள்.

சரி, வேடிக்கை முடிந்தது என்று காப்பி கொடுக்க உள்ளே போனேன். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. உன் அம்மா நாய்க்காரம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். காலையில போன தடத்தைச் சாயங்காலம் பிடிக்குமா என்றாள். மழை பெஞ்சா என்ன ஆகும் என்றாள். தண்ணிக்குள்ள இறங்கிப் போயிருந்தா, யார் வண்டியிலயாவது ஏறிப் போயிருந்தா எப்படிக் கண்டுபிடிக்கும் என்றாள். ஆடு எங்கேயாவது வண்டியில் ஏறிப் போகுமா, நீயே சொல். அவள் பத்துக் கேள்வி கேட்டாள். ஒன்றிலும் ஆடு என்ற வார்த்தை இல்லை.

நான் காப்பியை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன். அந்த அம்மா போகும் வரை பொறுத்தேன். பிறகு கேட்டேன். என்னை என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாய், நான் தொலைந்து போகிற சாமானா என்று கேட்டேன். சத்தம் போட்டுத்தான் கேட்டேன். அவள் பட்டிக்குப் போய்த் தொட்டியில் தண்ணீர் மாற்றினாள். காலையில்தான் மாற்றியிருந்தாள்.

உன் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. ஆடுகளை விற்றுவிடலாம், அப்பா வீட்டோடு இருக்கட்டும் என்று நீ போனில் சொன்னாய். எனக்குக் கேட்காது என்று நினைத்தாயா? ஸ்பீக்கரில்தானே இருந்தது. வீட்டோடு இருந்து நான் என்ன செய்வது? உன் அம்மா என்ன செய்கிறாள் என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பதா? அவளே அதற்குச் சம்மதிக்க மாட்டாள்.

முடிவாகச் சொல்கிறேன். காவல் நாய். அந்த ஐந்து மாதக் குட்டியை எனக்கென்று நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டேன். அட்டவணை கிட்டவணை ஒன்றும் வேண்டாம்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். கோபத்திலும் உங்களை வாழ்த்தாமல் கடிதத்தை முடிக்க வராது. நன்றாக இருங்கள்.

உன் அப்பா


ஏப்ரல் 16, வியாழக்கிழமை
(தேதி உன் அம்மாவைக் கேட்டு எழுதியது)

அன்பு மகளுக்கு,

அம்மா போனில் அழுதாள் என்று தெரியும். அவள் பாதி சொல்லியிருப்பாள், மீதியை நான் சொல்லிவிடுகிறேன். பதறாமல் படி. எனக்குக் காலில் ஒரு முள் குத்திய காயம் தவிர வேறு ஒன்றும் இல்லை.

போன சனிக்கிழமை வழக்கம் போல ஓடைக்கு அந்தப் பக்கச் சரிவில் மேய்த்துக்கொண்டிருந்தேன். மதியம் எண்ணினேன், ஒன்று குறைந்தது. மறுபடி எண்ணினேன், ஒன்று கூடியது. குறைந்ததுதான் சரி என்று வைத்துக்கொண்டு அந்த ஒன்றைத் தேடிப் போனேன். பாறைகளுக்கு நடுவே கொஞ்ச தூரம் போயிருப்பேன். திரும்பிப் பார்த்தபோது எந்தப் பக்கத்திலிருந்து வந்தேன் என்று தெரியவில்லை. முப்பத்தைந்து வருடம் நடந்த இடம். ஒவ்வொரு பாறையும் எனக்குத் தெரிந்தது, எதற்கு அடுத்தது எது என்பது மட்டும் தெரியவில்லை. நின்றிருக்கலாம். நிற்காமல் நடந்தேன். வேகமாக நடந்தால் தெரிந்த இடம் வந்துவிடும் என்று தோன்றியது.

ஐந்து மணிக்கு ஆடுகள் வீட்டுக்கு வந்துவிட்டன. யாரும் ஓட்டவில்லை. மேடம் முன்னால் வந்து கதவை முட்டி மணியை அடித்ததாம். உன் அம்மா குச்சியைப் பிடித்து எண்ணியிருக்கிறாள். பதினான்கு முறை. நாற்பத்திரண்டும் சரியாக இருந்தது, ஒன்றும் குறையவில்லை. வராதது நான்தான்.

அவள் சரிவு முழுக்க என் பெயரைச் சொல்லிக் கத்தியிருக்கிறாள். தெருவில் இருந்தவர்களெல்லாம் நாலு பக்கமும் பிரிந்து தேடியிருக்கிறார்கள், நாலும் தப்பான பக்கம். இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் நர்சரிக்காரர் செடி இறக்கிவிட்டு வேனில் திரும்பி வந்தவர், பெரிய ரோட்டோரம் மைல்கல்லில் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நிறுத்தினார். வீட்டிலிருந்து எட்டு கிலோமீட்டர். எங்க போறீங்க அண்ணே என்று கேட்டார். ஒரு ஆட்டைத் தேடுகிறேன் என்றேன். எந்த ஆடு என்றார். பார்த்தால் தெரிந்துவிடும் என்றேன். அவர் கதவைத் திறந்துவிட்டார். இரண்டு ரோஜாக் கன்றுக்கு நடுவில் உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்தேன்.

உன் அம்மா என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாகிவிட்டது. வாசல் படியில் உட்கார வைத்து, வெந்நீர் கொண்டு வந்து என் காலைக் கழுவி முள்ளை எடுத்தாள். திட்டித் தொலையேன் என்று நானே கேட்டேன். கத்திக் கத்தி அவளுக்குக் குரலே இல்லை, இரண்டு நாள் ஆயிற்று திரும்பி வர.

திங்கட்கிழமை டாக்டரிடம் இழுத்துப் போனாள். சின்னப் பையன், உன் வயதுதான் இருக்கும். ஒரு காகிதத்தைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னான். ஐந்து வார்த்தை சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னான். இரண்டு சொன்னேன். எனக்கு வந்த எரிச்சலில், இந்த ஐந்து சாமானும் உனக்கு வேண்டுமென்றால் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளேன் தம்பி என்றேன். அவன் சிரித்தான். உன் அம்மா நான் வரைந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பொறுத்தவரை அது சரியாகத்தான் இருந்தது. வியாதியின் பெயர் என் வாயில் நுழையவில்லை, அவள் எழுதி வைத்திருக்கிறாள். ஞாபகம் மெதுவாகத்தான் போகுமாம். போகுமாம் என்று மட்டும் சொன்னான், திரும்பி வரும் என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அவளைக் கேட்டேன், இது உனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று. நர்சரி அன்னைக்கே தெரியும் என்றாள். தெரிந்தால் என்னிடம் சொல்வதற்கென்ன என்றேன். சொன்னா நீங்க நம்பியிருப்பீங்களா என்றாள். அப்புறம் அவளாகவே சொன்னாள். எல்லாரும் ஆட்டை வித்துடுன்னு சொல்றாங்க, நம்ம மகளும் சொல்றா, வித்துட்டா இவரு ஒரே மாசத்துல படுத்துடுவாரு, அதுக்கு இவரு போகட்டும், போனா கண்டுபிடிக்க ஒரு மூக்கு இருக்கட்டும்னு நெனச்சேன் என்றாள். மூன்று மாதம் நான் அவளை என்னவெல்லாம் பேசினேன். ஸ்பீக்கர், போலீஸ் ஸ்டேஷன் என்று உனக்கு எழுதியதெல்லாம் என் மேஜையில் இருந்தபோது அவளும் படித்திருப்பாள் என்று நினைக்கிறேன். ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் காலையில் கோலை எடுத்துக்கொண்டு வெளியே போக வேண்டும், அதற்காகத்தான் அவள் அத்தனை சண்டை போட்டாள். அறிவு கெட்டவன் நான், சண்டை நாய்க்காக என்று நினைத்துக்கொண்டேன்.

காவல் நாய் நல்ல நாய், அதில் இப்போதும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அது ஆட்டைத்தான் காக்கும். நம் ஆடுகளுக்கு வீடு தெரியும். அந்தக் குட்டி வேறு யார் பட்டிக்காவது போகட்டும், நன்றாக இருக்கட்டும். நாய்க்காரம்மாவிடம் நீயே பேசு. எனக்கு அந்த மூன்று வயது மோப்ப நாய் வேண்டும், அந்தத் தொங்கு காதுக்காரன். புதுக் குட்டியை எடுத்து இரண்டு வருடம் பழக்க எனக்கு நேரம் இல்லை என்று சொல், அவருக்குப் புரியும். வாரைப் பிடிக்க உன் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்க இரண்டு வாரம் ஆகுமாம். அவளுக்கு ஒரு வாரம் போதும்.

இதோடு ஒரு பிளாஸ்டிக் பையில் என் பனியனை வைத்து அனுப்புகிறேன். இரண்டு நாள் போட்டது. ஒரே ஆளுடைய வாசனையை முன்கூட்டியே பழக்கினால் நல்லது என்று அந்த அம்மா அன்றைக்கே சொன்னார், உன் அம்மாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். என்னிடம் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. நானாகத்தான் கழற்றிக் கட்டினேன். பையைப் பிரிக்காமல் நாய்க்காரம்மாவிடம் கொடுத்துவிடு. துவைத்துவிடாதே.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு குறையும் வராது. நான் கும்பிடுகிற நேரமெல்லாம் உங்களுக்காகத்தான் கும்பிடுகிறேன். நாயை வேனில் தனியாக அனுப்பாதே அம்மா, நீயும் கூட வா. லீவு கிடைக்கும்போது பார்க்கலாம் என்று வைக்காதே. வாசலில் வந்து நிற்கிறது யார் என்று உன் அம்மாவைக் கேட்காமல், நானே உன்னை உள்ளே வா என்று சொல்கிற நாளிலேயே வந்துவிடு.

உன் அப்பா